டப்பா தேடி வருபவர்கள்

என் நாத்தனாருக்கு எதையும் ஒரு தடவை சொன்னால் ஏறாது. ஜியோகேச்சிங் என்றால் என்ன என்று காலையிலிருந்து விளக்கி என் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

"யாரோ ஒளிச்சு வைக்கிறாங்க, யாரோ தேடுறாங்க. கண்டுபிடிச்சா என்ன கிடைக்கும் அண்ணி?"

"ஒண்ணும் கிடைக்காது."

"அப்புறம் எதுக்கு வேலைவெட்டி இல்லாம அலையறீங்க?"

நல்ல கேள்விதான். ஒரு சின்ன டப்பாவை எங்காவது மறைத்து வைத்து, அந்த இடத்தின் ஜிபிஎஸ் எண்களைச் செயலியில் போட்டுவிட வேண்டும். யார் வேண்டுமானாலும் போனைப் பார்த்துக்கொண்டு தேடி வரலாம். கிட்டத்தில் கொண்டுவந்து விடுவதோடு போனின் வேலை முடிந்தது, மீதிக்குக் கண்ணும் கையும்தான். கண்டுபிடித்தவர் செயலியில் பதிந்துவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். விளையாடாதவர்கள் கண்ணில் மட்டும் படவே கூடாது. யாராவது பார்த்தால் போனில் பேசுவது போலவும், செருப்பு வாரைச் சரிசெய்வது போலவும் நடிப்போம்.

நாத்தனார் சிரிக்கவில்லை. "நேத்து பால்கனியிலேர்ந்து பாத்தேன். ஒருத்தன் வாசல்ல செருப்பு வாரைச் சரிபண்ணிட்டே நின்னான். ரொம்ப நேரம்."

"நம்ம ஆளுதான்," என்றேன் பெருமையாக.

"அவன் யாரு, எவருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அதுதானே இதுல சுவாரஸ்யமே!"

"எனக்கு என்னமோ பயமா இருக்கு அண்ணி."

இவளுக்கு எதற்கெடுத்தாலும் பயம். மகளின் பள்ளி வேன் வரும் நேரமாகிவிட்டது, அப்படியே நான் ஒளித்து வைத்த டப்பாவையும் காட்டிவிடலாம் என்று அவளைக் கீழே இழுத்துப்போனேன். அடுக்குமாடி வாசலில், வேன் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் காந்தத்தால் ஒட்டி வைத்திருந்தேன். காவலாளியிடம் முன்கூட்டியே சொல்லியாகிவிட்டது: போனும் கையுமாக யார் சுற்றினாலும் விரட்டாதீர்கள், என் நண்பர்கள். மகளிடமும் அவர்கள் என் நண்பர்கள் என்றுதான் சொல்லியிருந்தேன்.

காவலாளி எங்களைப் பார்த்ததும் எழுந்தார். "உங்க ஆளு ஒருத்தர் தினமும் வர்றாரும்மா. பாவம், இத்தனை நாளா கிடைக்கல போல. நீங்க சொன்னீங்களேன்னு நான் ஒண்ணும் கேக்கல."

செயலியைத் திறந்து பார்த்தேன். ஒரு மாதமாக எந்தப் பதிவும் இல்லை. எங்கள் ஆட்கள் டப்பா கிடைக்கவில்லை என்றால் அதையும் பதிந்து, நாலு வரி புலம்பாமல் போகமாட்டார்கள். அதுவும் இது சின்னப் பிள்ளை எடுத்துவிடும் டப்பா. இதற்காக ஒருவர் தினமும் வரமாட்டார்.

"எப்ப வருவாரு?"

"பாப்பாவோட வேன் வர்ற நேரத்துக்குத்தான்."

"வேன் வந்துடுச்சா?"

"இன்னைக்குச் சீக்கிரமே வந்துடுச்சும்மா. உங்க அம்மாவோட டப்பா எங்கன்னு அவரு பாப்பாகிட்ட கேட்டாரு. பாப்பாவே ஓடிப்போய் எடுத்துக் காட்டுச்சு. அதை அவரு திறந்துகூடப் பாக்கல. அம்மா இன்னொண்ணு வச்சிருக்காங்க, வா காட்டுறேன்னு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாரு. உங்க நண்பராச்சேன்னு நானும் விட்டுட்டேன்."

நாத்தனார் என் கையை இறுகப் பிடித்தாள். "இன்னொண்ணு எங்க அண்ணி வச்சீங்க?"

நான் வைத்தது ஒன்றே ஒன்றுதான். அவள் கையை உதறிவிட்டு, எந்தப் பக்கம் போனார்கள் என்றுகூடக் கேட்காமல், மகளின் பெயரைக் கத்திக்கொண்டே தெருவில் ஓடினேன்.