மேசையை விட்டு எழுந்தவர்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தன் தங்கையோடு போனில் பேசி மூன்று வருடமாகிறது. காரணம் தெருவுக்கே தெரியும். தங்கை கணவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற விழாவில் மைக்கைப் பிடித்தவர், "முப்பது வருஷம் ஆபீஸ்ல தூங்கினார், இனிமே வீட்ல தூங்குவார்" என்று சொல்லிவிட்டுத் தானே முதலில் சிரித்தார். இரண்டாவதாகச் சிரிக்க ஆள் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு உறவு ஒட்டிக்கொண்டிருந்தது, இணையத்தில் பலகை விளையாட்டு ஆடும் ஒரு தளத்தில்தான். அதுவும் கைதவறித்தான். போனில் இருந்த அத்தனை பேருக்கும் அழைப்பு போய்விட்டது. தங்கை மட்டும் ஏற்றுக்கொண்டாள். ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு இருவரும் திரையில் ஒரே மேசையில் உட்கார்ந்து, சதுரச் சில்லுகளை அடுக்கி ரயில்பாதை போடுவார்கள். ஓரத்துப் பெட்டியில் நாலு வார்த்தை எழுதிக்கொள்வார்கள். 'சாப்டியா அண்ணா?' 'ஆச்சு பாப்பா.' பாப்பாவுக்கு ஐம்பத்திரண்டு வயது.

அந்தத் தளத்தில் ஒரு கோளாறு இருந்தது. ஆறு வருஷக் கோளாறு. ஆட்டத்தின் நடுவில் ஒருவரைத் தூக்கி வெளியே போட்டுவிடும். எதிராளியின் திரையில் 'இவர் மேசையை விட்டு எழுந்துவிட்டார்' என்று வரும். லென்ஸில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் திருப்பி அனுப்புகிற மனிதர் இதைப் பொறுப்பாரா? வாரத்துக்கு ஒன்றாக அறுபத்தொரு புகார் எழுதினார். 'கவனத்தில் எடுத்துக்கொண்டோம்' என்று இயந்திரம் அறுபத்தொரு தடவை பதில் சொன்னது.

"அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமேங்க" என்பாள் மனைவி.

"நல்லா ஆடிக்கிட்டு இருக்கும்போது தூக்கிப் போட்டா தெரியும் உனக்கு."

நன்றாக ஆடும்போது அவர் போனதே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். தோற்கிற நேரத்தில் தானே பொத்தானை அழுத்தி எழுந்து, தண்ணீர் குடித்துவிட்டு வந்து, 'தூக்கி வெளிய போட்டுருச்சு பாப்பா' என்று எழுதுவதைப் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள். நமக்கெதற்கு என்று இருந்துவிட்டாள். நாம்தான் அப்படி இருப்பதில்லை.

அந்த ஞாயிறு, தங்கை சில்லு வைக்க நேரமாக்கினாள். இவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. 'என்ன, மாப்பிள்ளை மாதிரி தூங்கிட்டியா?' என்று தட்டி அனுப்பிய பிறகுதான் படித்துப் பார்த்தார்.

'இவர் மேசையை விட்டு எழுந்துவிட்டார்.'

"பாரு, மறுபடியும் தூக்கிப் போட்டுருச்சு" என்றார், கொஞ்சம் சத்தமாகவே.

இவர் ஏதாவது சொன்னதும் அவள் இப்படிக் காணாமல் போனது முன்பும் இரண்டு தடவை ஆகியிருக்கிறது. பத்து நிமிஷத்தில் வந்து, 'வெளிய போட்டுருச்சு அண்ணா' என்பாள். இன்று மூன்றரை ஆனது, நாலும் ஆனது. தளத்தை வாய்க்கு வந்தபடி திட்டி அறுபத்திரண்டாவது புகாரை அனுப்பினார். அதிசயம்தான், ஐந்து மணிக்குள் மனுஷக் கையால் எழுதிய பதில் வந்தது.

'ஐயா, நீங்கள் விடாமல் எழுதியதால் அந்தக் கோளாறை வியாழக்கிழமை சரிசெய்துவிட்டோம். முகப்புப் பக்கத்திலும் எல்லோருக்கும் அதை அறிவித்து, உங்களுக்கு நன்றி போட்டிருக்கிறோம். இனி ஆடுபவரே பொத்தானை அழுத்தினால்தான் அந்த வாசகம் வரும். கைதவறி அழுத்திவிடக் கூடாதென்று, நிச்சயமாக எழுகிறீர்களா என்று இரண்டு தடவை கேட்கிறோம்.'

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். எழுத்தெல்லாம் தெளிவாகத்தான் இருந்தது.

"அப்போ முன்னாடி போனதெல்லாம்?" என்றார்.

"உங்களுக்கு மட்டும்தான் தண்ணி தவிக்குமா?" என்றாள் மனைவி. பிறகு குரலை இறக்கினாள். "அப்பல்லாம் திரும்பி வர ஒரு சாக்கு இருந்துச்சுங்க. இப்ப அவ என்ன சொல்லிட்டு வருவா? போன் பண்ணுங்க."

"பண்ணி?"

"தப்புதான்னு சொல்லுங்க."

போனை எடுத்தார். தங்கையின் பெயர் வரைக்கும் போனார். அந்த ஒரு வார்த்தையை விழா நடந்த அன்றே சொல்லியிருக்கலாம். அன்றைக்கு வராதது இன்றைக்கும் வரவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, திரைப் பக்கம் திரும்பி அறுபத்திமூன்றாவது கடிதத்தைத் தட்டினார்.

'ஐயா, எங்கள் ஒரு மேசைக்கு மட்டும் அந்தப் பழைய கோளாறைத் திரும்ப வைத்துத் தர முடியுமா? அவசரம்.'

'கவனத்தில் எடுத்துக்கொண்டோம்' என்றது இயந்திரம்.

அடுத்த ஞாயிறும் மூன்று மணிக்கு உட்கார்ந்தார். அதற்கடுத்த ஞாயிறும். எதிர்நாற்காலி காலியாகவே இருந்தது. தளம் ஒரு தடவைகூட மக்கர் பண்ணவில்லை.