பத்து மணி அறுபது நிமிடம்

பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளராகப் பணியாற்றும் நான், ஐம்பதாம் வயதில் கணினி நிரல் எழுதக் கற்றேன் என்பதைப் பெருமையுடன் குறிப்பிட விரும்புகிறேன். நான் கற்றது ஒரு திறமூல நிரல்மொழி. அதன் உட்பகுதியை எவரும் படிக்கலாம், திருத்தமும் அனுப்பலாம். அம்மொழியில் நான் எழுதிய நிரலே, தூரத்தையும் வேகத்தையும் கொண்டு எங்கள் கால அட்டவணையைக் கணக்கிட்டு அச்சிட்டு வந்தது.

ஒருநாள் காலை மூத்த ஓட்டுநர் அட்டவணைத் தாளுடன் என் மேசைக்கு வந்தார்.

“பத்து அறுபதுக்கு வண்டி எடுக்கணும்னு போட்டிருக்கு சார். அந்த நேரம் வந்தா எழுப்புங்க, பின் சீட்ல படுத்திருக்கேன்.”

பணிமனையே சிரித்தது. கணக்கில் வந்த நேரம் பத்து மணி, ஐம்பத்தொன்பது நிமிடம், நாற்பது நொடி. அதை முழு நிமிடமாக்கினால் பதினொரு மணியாக வேண்டும். தாளிலோ 10:60 என்றிருந்தது.

மென்பொருள் நிறுவனமொன்றில் பணிபுரியும் என் மைத்துனன் அன்று மாலை வந்திருந்தான்.

“மொழியில எல்லாம் தப்பு இருக்காது மாமா. ஆயிரம் பேர் பாக்கறாங்க. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!”

“இவரு ஆடினா கூடமே கோணலாயிடும்டா,” என்றாள் என் மனைவி, அடுக்களையிலிருந்து.

பிழை என்னுடையதா, மொழியுடையதா என்று அறியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுநூறு வரிகளையும் சிறிது சிறிதாக நீக்கிக்கொண்டே வந்தேன். நேரத்தை முழு நிமிடமாக்கச் சொல்லும் இரண்டே வரிகள் எஞ்சியபோதும் பிழை எஞ்சியிருந்தது. ஆகவே அது மொழியின் பிழையே! அதை முறைப்படி அறிவித்து, மூன்று வரித் திருத்தமும் எழுதி அனுப்பினேன்.

வரும் திருத்தங்களைத் தெரிந்த விடைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் அம்மொழியின் தானியங்கிச் சோதனை, அதனை உடனே நிராகரித்தது. காரணத்தைப் படித்துத் திகைத்தேன். அச்சோதனையில் பன்னிரண்டு மணி, ஐம்பத்தொன்பது நிமிடம், ஐம்பது நொடிக்குச் சரியான விடையாகக் குறிக்கப்பட்டிருந்ததே 12:60 தான்.

“விட்டுடுங்க மாமா,” என்றான் மைத்துனன். “பெரிய ஆளுங்க எழுதின சோதனை. பேசாம உங்க நிரல்ல மட்டும் ஒட்டுப் போட்டுக்குங்க.”

“ஏன், அந்தப் பெரிய ஆளு வீட்டுல கடிகாரம் இல்லையா?” என்றாள் மனைவி. “பாத்துட்டு வரச் சொல்லி எழுதுங்க.”

“சோதனையே தவறானது” என்று எழுதினேன், அழித்தேன், மீண்டும் எழுதினேன். முப்பது ஆண்டுகள் பணிமனைக் கடிகாரத்தைப் பார்த்தவன் என்பதன்றி எனக்கு வேறு தகுதியில்லை. ஆயினும் அவ்வாக்கியத்தை மென்மையாக்காமல், சோதனையையும் திருத்தி அனுப்பினேன்.

மூன்றாம் நாள் அம்மொழியின் பராமரிப்பாளரிடமிருந்து பதில் வந்தது. பதினோராண்டுகளுக்கு முன் அச்சோதனையை எழுதியவர் அவரே. மொழி அன்று தந்த விடையைப் பார்த்தெழுதி, அதையே சரியென்றும் குறித்துவிட்டாராம். வருத்தம் தெரிவித்து, என் திருத்தத்தை ஏற்றுக்கொண்டிருந்தார்.

மைத்துனன் அதை இருமுறை படித்தான்.

“எங்க ஆபீஸ்லயும் இதே மொழிதான் மாமா. அடுத்த பதிப்பு வந்தா உங்க மூணு வரி அங்கயும் ஓடும்.”

“அப்போ இனிமே அங்க எது கெட்டாலும் இவரையே கை காட்டிடு,” என்றாள் மனைவி.

அப்பொறுப்பை நான் மறுக்கவில்லை.