பாலத்தில் இல்லாத மேஜர்

தண்ணீர் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றிப் பிழைத்தவரை எல்லோரும் மோட்டார்காரர் என்றே கூப்பிட்டார்கள். இருபது வருடத்துக்கு முன் சிப்பாயாக இருந்தபோது, குண்டு பறந்துகொண்டிருந்த ஒரு பாலத்திலிருந்து அடிபட்ட இருவரைத் தோளில் தூக்கி வந்து வீரப் பதக்கம் வாங்கியவர். பதக்கம் பீரோவின் அடித்தட்டில் கிடந்தது. தன்னை மேடையேற்றிப் படம் பிடித்துக்கொள்ளத் துடிப்பவர்களைக் கண்டாலே அவருக்குக் குமட்டும்.

ஒருநாள் கடைக்கு, அந்தக் காலத்தில் அவருக்கு மேலதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற மேஜர் வந்தார். தொப்பை முன்னால் வர, சென்ட் வாசனை பின்னால் வந்தது. ஸ்டூலைக் கைக்குட்டையால் இரண்டு தடவை துடைத்துவிட்டு உட்கார்ந்தார். போர் அனுபவங்களைப் புத்தகமாக எழுதியிருக்கிறாராம். வெளியீட்டு விழாவில், "மேஜர் பாலத்தில் என் பக்கத்திலேயே நின்றார்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். மோட்டார்காரரின் மருமகனுக்கு நல்ல வேலைக்குச் சொல்லி வைப்பதாகவும் இழுத்தார். இந்தப் புளுகு மூட்டைக்கு என்ன பதில் சொல்வது என்று மோட்டார்காரர் கம்பியைச் சுற்றிக்கொண்டே யோசித்தார். வருவதாக மட்டும் சொன்னார். மருமகனுக்கு வேலை என்றதும் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை.

மோட்டார்காரர் பாலத்திலிருந்து தூக்கி வந்த இருவரில் இன்று உயிரோடு இருப்பவர் தையல்காரர். ஒரு கால் கிடையாது. மேஜர் என்றால் அவருக்கு உயிர். தன்னைத் தூக்கி வரச் சொன்ன புண்ணியவான் என்று வாய் ஓயாமல் சொல்வார். மோட்டார்காரர் ஒருநாளும் மறுத்ததில்லை.

விழாவில் தையல்காரர் புதுச் சட்டையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எதிரியைத் தானே விரட்டிய கதையை மேஜர் அரைமணி நேரம் அளந்தார். கடைசியில் தையல்காரரைக் கைகாட்டி, "இவரைச் சாக விடவில்லை நான்" என்றார். தையல்காரர் ஊன்றுகோலைப் பிடித்துத் தட்டுத்தடுமாறி எழுந்து சலாம் வைத்தார். அதைப் பார்த்த மோட்டார்காரருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்துபோய் மைக்கைப் பிடித்தார்.

"ஐயா அன்னைக்குப் பாலத்துல இல்ல. ஆறு மைல் பின்னால, வயர்லெஸ்ல இருந்தாரு. அடிபட்டவங்கள விட்டுட்டு வான்னு மூணு தடவ உத்தரவு போட்டாரு. நான் கேக்கல. அவ்வளவுதான்."

கூட்டத்தில் பாதிப் பேர் பழக்கதோஷத்தில் கைதட்டிவிட்டார்கள். மேஜர் சிரித்த முகத்தோடு காலி டம்ளரை எடுத்துக் குடித்தார்.

வாசலில் தையல்காரர் காத்திருந்தார்.

"என்னையும் சேத்தா விட்டுட்டு வரச் சொன்னாரு?"

"ஆமா."

"உனக்கு இருபது வருஷமாத் தெரியும்."

"நீ மனசு ஒடிஞ்சு போவேன்னுதான்..."

"அந்த ஆள விடு, அவன் புத்தி அவ்வளவுதான். நான் சலாம் போடுறத நீயும் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்திருக்க பாரு."

அன்று பதக்கத்தோடு கொடுத்த, 'மேஜரின் உத்தரவுப்படி' அடிபட்டவர்களை மீட்டதாக எழுதியிருந்த பாராட்டுப் பத்திரத்தைப் பல்லிளித்துக்கொண்டு வாங்கியது மோட்டார்காரர்தானே. ஊரையெல்லாம் தூ என்று பார்த்த கண்ணால் தன்னையும் ஒருமுறை பார்த்தார். சகிக்கவில்லை.

மருமகனின் வேலை கைநழுவியது. மனைவி ஒரு வாரம் பாத்திரங்களிடம் மட்டும் பேசினாள். புத்தகம் நன்றாகவே விற்றது. அடுத்த மாதம் தையல் மெஷினின் மோட்டார் எரிந்துபோனபோது, தையல்காரர் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மோட்டார்காரர் கடையைத் தாண்டி, இரண்டு தெரு தள்ளியிருந்த வேறொரு கடைக்கு நடந்தே போனார்.