சேவுகனுக்கு வரவேண்டிய வயது

சமஸ்தானம் போய்ப் புதுக்கோட்டை இந்தியாவோடு சேர்ந்த மறு வருடம், 1949 ஐப்பசியில், திருச்சி சாலை நூற்பாலையில் பதிலி ஆளாகச் சேர்ந்தபோது சேவுகனுக்கு இருபத்திரண்டு வயது. 1965 ஐப்பசியிலும் அவனுக்கு இருபத்திரண்டு வயதுதான். இதில் மருந்தோ மந்திரமோ கிடையாது, ஆலையின் நடைமுறை அப்படி. நிரந்தரத் தொழிலாளி யாராவது வராத அன்று அவர் இடத்தில் நின்று வேலை பார்ப்பவன் பதிலி. விடியற்காலைச் சங்குக்குக் கேட்டுக்கு வெளியே வரிசையாக நிற்க வேண்டும். செல்லமுத்து மேஸ்திரி வந்து குடைக்காம்பால் ஆள் ஆளாகச் சுட்டுவார். சுட்டப்பட்டவன் உள்ளே போவான், மற்றவன் வந்த வழியே திரும்புவான். வருடம் நிறைவதற்குள் பதிலிகள் அத்தனை பேரையும் நிறுத்திவிட்டு, கொஞ்ச நாள் கழித்துப் புது ஆளாகச் சேர்த்துக்கொள்வார்கள். பார்த்த வேலை பார்த்ததுதான், வருடம் மட்டும் கணக்கில் வராது. சட்டத்துக்குத் தப்ப ஆலைக்காரர்கள் செய்துகொண்ட ஏற்பாடு அது. சேவுகனின் உடம்புக்கு அவ்வளவு விவரம் பத்தாது, சொன்னதை அப்படியே நம்பிவிட்டது. கணக்கில் வராத வருடத்துக்கு எதற்கு வயதாகி வைப்பது என்று சும்மா இருந்துவிட்டது.

மற்றப் பதிலிகளுக்கும் இப்படித்தான் நடந்தது. ஆனால் அவர்கள் ஒன்று இரண்டு வருடத்தில் நிரந்தரமாகிவிட்டதால் யாருக்கும் தெரியவில்லை. வயதில் ஒன்றிரண்டு குறைந்தால் எந்த மனைவி கண்டுபிடிக்கப் போகிறாள்? சேவுகனுக்கு நீண்டுபோனதற்குச் சங்கம் காரணம். சேர்ந்த வருடமே பதிலிகளெல்லாம் கூடி ஐந்து பேரைப் பிரதிநிதிகளாகத் தேர்ந்தெடுத்தார்கள். சேவுகனுக்குக் குரல் பெரிது என்பதைத் தவிர அவனைத் தேர்ந்தெடுக்க வேறு காரணம் இருந்ததாகத் தெரியவில்லை. சேர்ந்த வரிசைப்படி நிரந்தரம் செய்ய வேண்டும், கேட்டில் வெயிலுக்கு ஒரு கீற்றுக்கொட்டகை போட வேண்டும் என்று ஐவரும் மேனேஜரிடம் போய்க் கேட்டார்கள். கொட்டகை உடனே வந்தது. அடுத்த தைப்பொங்கலுக்கு முப்பது பேரை நிரந்தரம் செய்தார்கள், ஐவரைத் தவிர. அப்புறம் வருடா வருடம் அப்படியே நடந்தது. ஐவரில் ஒருவன் மலேயாவுக்குக் கப்பலேறினான். இரண்டு பேர் ஜெகதாப்பட்டினத்தில் கருவாட்டு வியாபாரத்துக்குப் போனார்கள். நாலாமவன் சங்கத்தை விட்டு விலகிய மறு மாதமே நிரந்தரமாகி, அதற்கடுத்த மாதம் கல்யாணமும் செய்துகொண்டான். அழைப்பு வந்தது, சேவுகன் போனான். சாப்பாடு நன்றாகவே இருந்தது.

அந்தப் பந்தியில் எதிர் வரிசையில்தான் சொர்ணம் உட்கார்ந்திருந்தாள். அவள் சேவுகனின் மாமன் மகள், அவனுக்கு இரண்டு வயது இளையவள், அதே ஆலையில் நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங்கில் வேலை. அவள் நிரந்தரம். அவளுடைய அப்பா பிச்சைமுத்து, "மாப்ள, பொண்ணு ஒனக்குத்தான். ஆனா நெதமும் கேட்டுல போயி நிக்கிறவனுக்கு எப்படிக் குடுக்குறது? பர்மனென்ட் ஆயிட்டு வா, அன்னைக்கே பரிசம்" என்று 1950இல் சொன்னார். நல்ல மனிதர், சொன்ன சொல்லை மாற்றவில்லை. பதினைந்து வருடமும் மாற்றவில்லை.

விஷயத்தை முதலில் கண்டவர் ஊர் நாவிதர். தலைமுடி வளர்கிறது, ஆள் மட்டும் வளரவில்லை என்றார். ஊரில் மூன்று நாள் அதே பேச்சாக இருந்தது. நாலாம் நாள் மிளகாய் விலை ஏறியதால் எல்லோரும் அங்கிட்டுத் திரும்பிவிட்டார்கள். அதன்பின் நார்த்தாமலைத் தேருக்கு வருகிறவர்கள் சிலர் போகிற வழியில் எட்டிப் பார்த்துவிட்டுப் போவதோடு சரி.

ஆனால் சேவுகன் ஒவ்வொரு நாளும் சாயங்காலச் சங்குக்கு சைக்கிள் நிறுத்தத்தில் நின்று சொர்ணம் வெளியே வருவதைப் பார்த்தான். அவளுக்கு வருடங்கள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. 1955இல் நடை நிதானப்பட்டது. ஐம்பத்தொன்பதில் வலது காதுக்கு மேலே ஒரு வெள்ளை முடி தெரிந்தது, அன்று அவன் சைக்கிளை மறந்து நடந்தே வீட்டுக்கு வந்தான். அறுபத்தொன்றில் கண்ணாடி போட்டாள். அவள் சிரிக்கிற விஷயங்களே வேறாகிவிட்டன. கூட வருகிற பெண்கள் ஏதோ சொல்ல அவள் குலுங்கிச் சிரிப்பாள், அவனுக்குப் பாதிதான் விளங்கும். பெரியவர்கள் பேசும் இடத்தில் நிற்கிற பிள்ளை மாதிரி முழிப்பான். மற்றவர்களுக்கு ஆசை வருடம் போகப் போகக் கொஞ்சம் ஆறி, தாங்குகிற சூட்டுக்கு வரும். இவனுடைய ஆசைக்கும் இருபத்திரண்டே வயது. பதினைந்து வருடமாக ஒவ்வொரு சாயங்காலமும் அவளை அன்றுதான் முதலில் பார்த்தவன்போல் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். கண்ணாடியில் நரை தேடிப் பார்ப்பான். செல்லமுத்து மேஸ்திரியின் கூனைக்கூடப் பொறாமையோடு பார்த்தான்.

ஐம்பத்து மூன்றில் சங்கம் வழக்குப் போட்டது. பிரதிநிதியாக இருந்ததற்காகவே இவனை நிரந்தரம் செய்யாமல் பழிவாங்குகிறார்கள் என்பது வழக்கு. அது சென்னைக்குப் போயிற்று, திரும்பி வந்தது, மறுபடி போயிற்று. பத்து வருடத்துக்குப் பிறகு புது மேனேஜர் ஒருவர் வந்தார். வயதாகாத தொழிலாளி ஆலைக்கு நல்ல பேர் இல்லை என்று நினைத்தவர். சேவுகனை அறைக்குள் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்து, வழக்கை வாபஸ் வாங்கினால் வருகிற முதல் தேதியிலிருந்து நிரந்தரம், புது ஆளாக, என்றார். சேவுகன் அவர் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, பழைய வருடங்கள் என்னவாகும் என்று கேட்டான். அவை இல்லை என்றார் மேனேஜர். அப்படியானால் வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டான். டீக்கடையில் அன்றைக்கு வியாபாரம் இரண்டு மடங்கு.

"ஊரு ஒலகமெல்லாம் எளமைக்கு லேகியம் தேடித் திங்கிது. இவன் நரைமுடி கேட்டுக் கேசு நடத்துறான்யா!"

"பல்லு விழுகலேன்னு அப்பீலு போவான் பாரு."

மறுநாள் சொர்ணமே சைக்கிள் நிறுத்தத்துக்கு வந்தாள். "வாங்கிக்க மச்சான். வந்ததை ஏன் வேண்டாங்குற?" என்றாள்.

"வாங்கிக்கிட்டா எனக்கு அடுத்த வருசம் இருவத்திமூணு. ஒனக்கு?"

"எனக்கு என்ன, முப்பத்தஞ்சு. என்னை விடு. போன வாரம் பஸ்ஸுல ஒருத்தி, ஒங்க மகனைத் தள்ளி நிக்கச் சொல்லுங்கன்னா. நீ ஒண்ணும் தெரியாத மாதிரி சன்னலப் பாத்துக்கிட்டு நின்ன."

"காதுல விழுந்துச்சு."

"விழுந்துச்சுல்ல? அப்புறம் என்ன. சின்னப் பொண்ணா பாத்துக் கட்டிக்கிட்டு நல்லா இரு."

"வேலை மட்டும் எனக்கு எதுக்கு, சொர்ணம்? நீ இருந்த வருசத்துல நானும் இருந்தேன்ல. அது எனக்கு வேணும்."

அவள் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத்தலைப்பில் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள். "கிறுக்குப் பயலே" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதன்பின் அவளுக்கு வேறு மாப்பிள்ளை பார்க்கிற பேச்சைப் பிச்சைமுத்துவின் வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

அறுபத்தைந்து ஐப்பசியில் தீர்ப்பாயம் திருச்சியில் வந்து உட்கார்ந்தது. ஆலையின் வக்கீல் அதிகம் பேசவில்லை. சேவுகனை எழுந்து நிற்கச் சொல்லி, இந்த முகத்தைப் பாருங்கள், இவன் பதினாறு வருடம் வேலை பார்த்தானாம், ஆறு வயதிலா சேர்ந்தான் என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார். பழிவாங்கியதால் நின்றுபோன வயதே பழிவாங்கவில்லை என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. சங்கத்தின் வக்கீல் ஞானமணி தலையைச் சொறிந்தார். பிறகு சொர்ணத்தைக் கூண்டில் ஏற்றினார்.

ஆலையின் வக்கீல், "இந்தப் பையனை நாற்பத்தொன்பதிலேயே வேலையில் பார்த்தீர்களாக்கும்?" என்றார்.

"பாத்தேங்க. எங்கப்பா அவருக்கு என்னையப் பேசி வச்சாரு."

"நம்புகிற மாதிரியா இருக்கிறது?"

சொர்ணம் நீதிபதியின் பக்கம் திரும்பினாள். தலைமுக்காட்டை எடுத்தாள். "அய்யா, அவரு காத்துக் கெடந்தது அவரு மூஞ்சில தெரியலைங்க. நான் காத்துக் கெடந்தது என் தலையில தெரியுதுங்களா?"

நீதிபதி பார்த்தார். அவருக்கும் தலை நரைத்திருந்தது. பிற்பகலில் தீர்ப்பைப் படித்தார். பழிவாங்கியது உண்மை. வழக்குப் போட்ட ஐம்பத்து மூன்றிலிருந்து சேவுகன் நிரந்தரத் தொழிலாளி. அதற்கு முந்தைய நாலு வருடத்துக்குப் போதிய சாட்சியம் இல்லாததால் அவை தள்ளுபடி.

வருடங்கள் ஊர் திரும்பும் பஸ்ஸில் வந்தன. திருச்சி எல்லை தாண்டும் வரை ஒன்றுமில்லை. மாத்தூரில் நெற்றி ஏறியது, கன்னம் ஒட்டியது, பின்பல் ஒன்று வலித்து ஓய்ந்தது. ஐம்பத்தைந்தில் வரவேண்டிய காய்ச்சல் இரண்டு மைல் தூரம் அடித்துவிட்டு இறங்கியது. கீரனூரில்தான் கஷ்டப்பட்டான். அவன் அம்மா ஐம்பத்தேழில் இறந்தபோது இருபத்திரண்டு வயதுக்காரன் அழுகிற மாதிரி அழுது முடித்திருந்தான். தாயில்லாமல் எட்டு வருடம் இருந்த வெறுமை இப்போது மொத்தமாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. சொர்ணம் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில் எல்லோரும் இருந்தார்கள், இருந்துவிட்டுப் போகட்டும் என்று பிடித்துக்கொண்டாள். நார்த்தாமலைப் பாறைகள் தெரிந்தபோது அவனுக்கு முப்பத்து நாலு முடிந்திருந்தது. அவள் அவன் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"எப்படி இருக்கேன்?" என்று கேட்டான்.

"களைச்சுப் போயிருக்க" என்றாள். அதைவிட நல்ல வார்த்தையை அவன் அதுவரை கேட்டதில்லை.

தையில் கல்யாணம் நடந்தது. பெண் மாப்பிள்ளையைவிட இரண்டு வயது மூத்தவள் என்று ஒரு பெரியவர் ஆரம்பித்தார். பிச்சைமுத்து, "போட்ட கணக்கு அப்படி, தீர்ப்பாயத்துல போய்க் கேளுங்க" என்றார். ரசம் வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. வக்கீல் ஞானமணியும் வந்திருந்தார். இலையில் உட்கார்ந்தபடியே மணமக்களைக் கூப்பிட்டு, மேல்முறையீடு செய்தால் விட்டுப்போன நாலு வருடத்தையும் வாங்கிவிடலாம், என்ன, மூன்று நாலு வருடம் இழுக்கும் என்றார். சேவுகன் சொர்ணத்தைப் பார்த்தான்.

"வேணாங்கய்யா. அந்த நாலு வருசத்தை மில்லுக்காரனே வச்சு ஆளட்டும்" என்றாள் சொர்ணம்.

வக்கீல் தலையாட்டிவிட்டுப் பாயசத்துக்கு இலையைக் காட்டினார்.