கவலைக் காவல்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு அன்று காலையிலிருந்தே கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகள் சரக்கு வேனை ஓட்டிக்கொண்டு மலைப்பாதையில் போயிருந்தாள். வழக்கமாக மணிக்கொருதரம் போன் செய்து அவள் உயிரை எடுப்பார். இன்று ஒருமுறைகூடச் செய்வதில்லை என்று முடிவெடுத்திருந்தார்.

சிறுவயதில் அவர் கேரம் ஆட்டத்தில் மெய்மறந்திருந்த நேரத்தில்தான் தம்பி ஆற்றோடு போனான். நாம் கவலையை விட்டால் யாருக்காவது ஏதாவது ஆகிவிடும் என்று அன்றைக்கு மனதில் விழுந்த தடம், தலை நரைத்தும் அழியவில்லை.

"அந்த நினைப்பை அடக்காதீங்க. அதுக்கு எதிரான நினைப்பைப் பக்கத்துல உட்கார வைங்க. பழகப் பழக, மனசுல பதிஞ்ச பழைய தடம் தேயும்" என்று யோகா வகுப்பு ஆசிரியை சொல்லியிருந்தாள்.

"நான் கவலைப்படுறது அவ வண்டிக்கு பிரேக் ஆகிடாது" என்று எதிர் நினைப்பை முணுமுணுத்தார். போனை எடுத்தார், வைத்தார். தேய்த்துக்கொண்டிருந்த லென்ஸில் கீறல் விழுந்தது. வாடிக்கையாளரின் கண்ணாடியைத் தானே மாட்டிக்கொண்டு, கண் தெரியவில்லையே என்று திண்டாடினார்.

பிற்பகலில் போன் அலறியது. பாய்ந்து எடுத்தார்.

"அப்பா! ஏன் போனே பண்ணல? உங்களுக்கு என்னாச்சோன்னு வண்டியை ஓரங்கட்டிட்டு நிக்கிறேன். சொல்லுங்கப்பா!"

தன் மனதின் தடத்தை அவள் மனதிலும் தோண்டிவிட்டது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"எனக்கு ஒண்ணும் இல்ல கண்ணு. போன் பண்ணாம இருக்கப் பழகுறேன். நீயும் பழகிக்கோ."

"அதை முதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா?" என்று சிரித்தாள்.

பேசி முடித்த பிறகும் கை போனிடமே போனது. இழுத்து லென்ஸின் மேல் வைத்தார். மறுபடியும் போனது. மறுபடியும் இழுத்தார்.