சிவப்புக் கோடு

ஊர்ப்பட்ட வண்டிகளை ஓட வைத்த மெக்கானிக்கின் குடும்பம் மட்டும் பாதி வழியில் நின்றுபோனது. மனைவி பிரிந்து மூன்று வருடம். பதினாறு வயது மகள் அம்மாவோடு இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அப்பாவின் பட்டறைக்கு வருவாள். இந்த விடுமுறைக்குப் பிறகு யாரோடு இருப்பது என்று அவளே முடிவு செய்யட்டும் என்று பேசி வைத்திருந்தார்கள். "கார் முடியட்டும், சொல்றேன்" என்றிருந்தாள். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் மனிதர் ஒரு வருடத்தை ஓட்டினார்.

கார் அவரைவிட வயதில் மூத்தது. பழைய இரும்புக் கடையிலிருந்து இழுத்து வந்தபோது அதன் தரையில் இருந்த ஓட்டை வழியே ஒரு பூனை குடும்பத்தோடு இறங்கிப் போனது. மகள் சலிக்காமல் துரு சுரண்டினாள், பிரேக் குழாய் மாட்டினாள், ஸ்பானர் பிடித்துப் பிடித்துக் கை காய்த்துப்போனாள். அவரும் வாய் நிறையப் பாராட்டுவார்.

ஆனால் ஒவ்வொரு திங்கட்கிழமை காலையிலும், முந்தின நாள் அவள் முடுக்கிய போல்ட்டையெல்லாம் கழற்றி, தானே மறுபடி முடுக்குவார். அவள் வேலையில் குறை இருந்ததில்லை. தன் கை படாத வேலையை நம்புகிற பழக்கம்தான் அவருக்கு இல்லை. இதில், பிள்ளை மனம் நோகாமல் பார்த்துக்கொள்கிறோம் என்று பெருமை வேறு.

விடுமுறையின் கடைசி ஞாயிறு. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் சிரித்தபடி பானெட்டைத் தூக்கி டார்ச் அடித்தாள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

முடுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து தகடு வரை நகப்பூச்சால் மெல்லிய சிவப்புக் கோடு இழுத்து வைத்திருந்தாள். போல்ட் அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். முப்பது வருடமாக அவரே பெயிண்டால் செய்கிற வேலைதான். அந்தச் சிவப்பைப் பார்த்தபோதெல்லாம் பிள்ளை நகத்திலிருந்து ஒட்டியது என்றே நினைத்தார். அந்தக் கோடு போடும் வித்தை அவளுக்கும் தெரிந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

இப்போது போல்ட் தலையில் கோட்டின் ஒரு துண்டு, தகட்டில் ஒரு துண்டு. ஓரிடத்தில்கூட இரண்டும் சேரவில்லை. அவள் குனிந்து சக்கரம் வரை பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நான் மாட்டினது தப்பா இருந்துச்சாப்பா?"

நீ உட்காரப்போகிற வண்டியாயிற்றே, ஒரு பாதுகாப்புக்காக என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அவள் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டாள்.

"இல்லம்மா" என்றார்.

"மடிச்சு வெச்ச துணியக்கூடப் பிரிச்சு மடிப்பாருன்னு அம்மா சொன்னப்ப, நான் உங்க பக்கம்தான் பேசினேன்."

எஞ்சினை அணைத்தாள். கையைத் துடைத்த துணியை மேசைமேல் மடித்து வைத்தாள். அம்மாவோடே இருந்துகொள்வதாகச் சொல்லிவிட்டு, கேட்டைச் சாத்தி, கொக்கியை மாட்டிவிட்டுப் போனாள்.

அவர் ஓடிப்போய்க் கூப்பிடத்தான் கேட் வரை போனார். கொக்கி வளையத்தில் ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருந்தது. அதைக் கழற்றி, மறுபடி மாட்டினார்.