பிரிக்பீல்ட்ஸ் புளூஸ் சங்கத்தின் உரையாசிரியர்

1

இந்தக் கதை ஒரு முன்னுரையாகத் தொடங்கியது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எங்கள் புளூஸ் சங்கத்துக்கு வரும் சனிக்கிழமையோடு நான்கு வயது. அதற்காக ஒரு சிறு புத்தகம் அச்சாகிறது. முன்னுரைக்கு இரண்டு பக்கம் விட்டிருக்கிறார்கள். செயலாளர் என்பதால் அதை நான் எழுத வேண்டும். எழுதிப் பார்த்தவை இவை:

1930ஆம் ஆண்டு ஒரு நன்னாளில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இசையார்வம் மிக்க எழுவர் கூடி—

அமெரிக்கக் கறுப்பு மக்களின் துயரப் பாட்டுக்கும் நமக்கும் என்ன உறவு என்று கேட்பவர்க்கு—

இந்நூலாசிரியரின் புலமையைப் பற்றி நானே சொல்வது—

மூன்றாவதில் பேனா நின்றுவிட்டது. இந்நூலாசிரியர் நான்தான். [அப்படித்தான் முதல் பக்கத்தில் வரப்போகிறது.]

முன்னுரையில் உண்மையைச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. கதையில் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது. கதையில் பெயரை மாற்றிக்கொள்ளலாம். ஆகவே 'நான்' இப்போதைக்கு வெளியே இருக்கட்டும். என் இடத்துக்குச் சிவசம்பு வருகிறார்.

2

சிவசம்பு ரயில்வே தலைமை அலுவலகத்தில் கிராணி, அதாவது எழுத்தர். யாழ்ப்பாணத்தில் கல்லூரிப் படிப்பு முடித்து மலாயாவுக்குக் கப்பலேறியவர். வயது முப்பது. அதிகம் பேசமாட்டார். [இது குணமா குறையா என்று முடிவு செய்யாமலே மேலே போகிறேன்.]

சங்கத்தின் கிராமபோன் தலைவர் ரெங்கசாமியுடையது. ரயில்வே பண்டகசாலையில் மேற்பார்வையாளர், தஞ்சாவூர்ப் பக்கம், பெரிய உடம்பு, பெரிய குரல். இசைத்தட்டுகளைக் கொண்டுவருபவர் கிள்ளான் சின்னையா. அவருக்குக் கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் வேலை. கப்பலில் கரி அள்ளிப் போடும் அமெரிக்கன் ஒருவன், புகையிலைக்கு மாற்றாக ஒரு மரப்பெட்டி நிறைய இசைத்தட்டுகளை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனான். சங்கம் பிறந்த கதை அவ்வளவுதான். அதன்பின் எந்த அமெரிக்கக் கப்பல் வந்தாலும் சின்னையா ஏணியடியில் நிற்பார்.

மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, அரை நாள் வேலை முடிந்து மூன்றரை மணிக்கு, ரெங்கசாமியின் வீட்டுக் கூடத்தில் சங்கம் கூடும். ஒரு கூட்டத்துக்கு ஒரு தட்டு, அதிலும் ஒரே பக்கம். முதலில் அதைப் போடுவார்கள். யாருக்கும் ஒன்றும் புரியாது. அது நாங்கள் பள்ளியில் படித்த ஆங்கிலம் இல்லை. பிறகு சிவசம்பு எழுந்து தமிழில் உரை வாசிப்பார். அதன்பின் அதே பக்கத்தை மறுபடியும் போடுவார்கள். அப்போது யாராவது ஒருவர் மூக்கைச் சிந்துவது வழக்கம்.

"பக்கத்து வீட்டு அம்மா கேக்குது, சனிக்கிழமை ஆனா இந்த வீட்டுல யாரு செத்துப்போறாங்கன்னு," என்றார் சின்னையா. இது முதல் வருடத்தில்.

"சபார் லா, பொறுத்துக்க, மூணு நிமிசத்துல முடிஞ்சிரும்னு சொல்லு," என்றார் ரெங்கசாமி. "எந்திரிங்க கிராணியாரே. எங்க உரையாசிரியர் பேசட்டும். தட்டுல பாடுற பொம்பளைக்கு என்னதான் கொறையாம்?"

சிவசம்பு வாசித்தார். அதில் வந்த ஓர் அடி சங்கத்தில் இன்றும் புழங்குகிறது: 'அவன் தலையணையைத் திருப்பிப் போட்டேன், மறுபக்கமும் அவன்தான்.'

ரெங்கசாமி தட்டை மறுபடி போட மறந்து உட்கார்ந்திருந்தார்.

"ஏன் தம்பி, ஒனக்குக் கல்யாணமாகி ஒரு வருசங்கூட ஆகல. இதெல்லாம் எங்கேர்ந்து வருது?"

சிவசம்பு சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இந்தக் கதை.

3

எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன்.

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு, உரை எழுதுவதற்காக, கிராமபோனும் தட்டும் ரிக்‌ஷாவில் சிவசம்புவின் வீட்டுக்கு வந்துவிடும். முதல் மாதம் அவர் மூன்று மாலை உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து எழுதினார். எல்லாம் சரியாக இருந்தது. பாட்டு மட்டும் அதில் இல்லை. பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவர் மனைவி கனகேஸ்வரி நிமிர்ந்தாள்.

"இஞ்சருங்கோ, அதை இன்னொருக்காப் போடுங்கோ."

போட்டார்.

"அவ முதல் அடியை ரெண்டு தரம் சொல்லுறா. நீங்கள் ஏன் ஒருக்கா மட்டும் எழுதியிருக்கிறியள்?"

"ரெண்டும் ஒண்டுதானே."

"ஒண்டில்லை. முதல் தரம் ஆருக்கோ சொல்லுறா. ரெண்டாம் தரம் தனக்குச் சொல்லுறா. பிறகுதான் மூண்டாம் அடி வருது."

அவள் மிஷன் பள்ளியில் ஏழாம் வகுப்பு வரை படித்தவள். அவர் கல்லூரி. பழைய சரக்குச் சீட்டுகளின் பின்புறத்தில் அவள் எழுதினாள். அவர் நல்ல தாளில் பிரதி எடுத்தார். நாற்பத்திரண்டு உரைகள் இப்படித்தான் எழுதப்பட்டன.*

* சிவசம்பு செய்த திருத்தங்கள்: 'எண்டு' என்று இருந்ததை 'என்று' ஆக்கினார். காற்புள்ளி வைத்தார்.

கூட்டத்துக்குப் பெண்கள் வருவதில்லை. வரக்கூடாது என்று விதி கிடையாது. யாரும் அதைப் பற்றி நினைத்ததில்லை. அவள் ஒரு டின் முறுக்குக் கொடுத்தனுப்புவாள். அவர் திரும்பி வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் கேள்வி வரும்.

"ஆர் அழுதது?"

"சின்னையா."

"எந்த இடத்தில?"

இடத்தைச் சொல்வார். அது அவளுக்குப் போதும் என்று நினைத்தேன். [நினைத்தார். திருத்திக்கொள்கிறேன்.]

ஒரு முறை மட்டும், டின்னை மூடிக்கொண்டே கேட்டாள்.

"ஒருநாளைக்கு என்ர பேரையும் வாசிப்பியளோ?"

"வாசிச்சா என்ன. அடுத்த மாசம் வாசிக்கிறன்."

"சும்மா பகிடிக்குக் கேட்டனான்."

அடுத்த மாதம் வந்தது. சிவசம்பு உரையை வாசித்து முடித்தார். அவளைப் பற்றிச் சொல்வதற்காக மூச்சைக்கூட இழுத்தார். அதற்குள் ரெங்கசாமி எழுந்து, இப்படியொரு புலவர் கிடைத்தது சங்கத்தின் பாக்கியம் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். சிவசம்பு உட்கார்ந்துவிட்டார்.

4

'சங்கச் செய்தி' என்று மாதம் ஒரு தாள் வெளியிடுகிறோம். தட்டெழுதி, கார்பன் வைத்துப் பிரதி எடுப்பது. இந்த ஆண்டு மாசி மாதத் தாள் இப்படி இருக்கிறது:

'புது வரவு: தட்டு ஒன்று, உபயம் திரு. சின்னையா. தேய்ந்த ஊசிகள் கழிக்கப்பட்டன. மழையில் நனைந்த தட்டை வெயிலில் வைக்க வேண்டாம் என உறுப்பினர்களுக்கு நினைவூட்டப்படுகிறது. திரு. சிவசம்புவின் இல்லத்தில் துக்கம். கூட்டம் இல்லை.'

எழுதியது நான். 'இல்லத்தில் துக்கம்.'

காய்ச்சல். ஒன்பது நாள். ஏழாம் நாள் சற்றுத் தெளிந்து எழுந்து உட்கார்ந்து அவள்—

வேண்டாம்.

எல்லாம் முடிந்த மூன்றாம் நாள் ரெங்கசாமி வந்தார். துக்க வீட்டில் பாட்டுப் பெட்டி இருக்கக்கூடாது என்று தானே அதைத் தூக்கிக்கொண்டு போனார். ரிக்‌ஷா கூப்பிடவில்லை. அந்த உடம்போடு, வெயிலில், நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். தட்டை எடுக்க மறந்துவிட்டார். அதன் உறைக்குள் அவள் எழுதிக்கொண்டிருந்த தாளும் இருந்தது.

அதன்பின் ஐந்து கூட்டங்கள் உரையில்லாமல் நடந்தன. தட்டை இரண்டு முறை போட்டார்கள். இடையில் சும்மா இருந்தார்கள். யாரும் மூக்கைச் சிந்தவில்லை.

5

ஆடி மாதம் ரெங்கசாமி மறுபடியும் வந்தார். இம்முறை பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தார். கூடவே ஈரம் காயாத அச்சுத் தாள்கள்.

"ஒன்னையக் கேக்காமலே முடிவு பண்ணிட்டோம் தம்பி. கோவிச்சுக்காதே. ஒன் உரை அத்தனையும் பொஸ்தகமா வருது. மொதப் பக்கத்தப் பாரு. அதான் முக்கியம்."

சிவசம்பு பார்த்தார்.

'புளூஸ் பாடல் உரைகள். ஆசிரியர்: சிவசம்பு.'

அதன்கீழே சின்ன எழுத்தில்: 'சங்கக் கூட்டங்களுக்குத் தவறாது முறுக்கு அனுப்பிய அமரர் திருமதி சிவசம்பு அவர்களின் நினைவுக்கு.'

"முறுக்குன்னு போட வேணாம், மரியாதையா இருக்காதுன்னு சின்னையா சொன்னான்," என்றார் ரெங்கசாமி. அவர் கண் கலங்கியிருந்தது. "நாந்தான் போடணும்னு நின்னேன். அந்த முறுக்க மறக்க முடியுமா, சொல்லு?"

சிவசம்பு சொல்ல வேண்டிய இடம் இது. வாசகருக்கு அவர்மேல் கோபம் வரலாம். எனக்கும் வந்தது. மூன்று வரைவுகளில் அவரைப் பேசவைத்துப் பார்த்தேன். ஒன்றில் அழுதார்; பொருந்தவில்லை. ஒன்றில் நீளமாகப் பேசினார். அது வேறு யாரோ. ஒன்றில் தாளைக் கிழித்தார். ரெங்கசாமியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எந்த மனிதனாலும் அது முடியாது. ஆகவே நடந்ததையே எழுதுகிறேன்.

"நல்லாயிருக்கு, அண்ணே," என்றார் சிவசம்பு.

"அந்தத் தட்டு ஒண்ணு ஒங்கிட்டேயே நின்னுபோச்சே, நாப்பத்தி மூணாவது. அதுக்கும் எழுதிடு. ஆண்டு விழாவுல வாசிக்கலாம். அதோட பொஸ்தகத்த முடிச்சிரலாம்."

6

அவள் தாளில் மூன்று சரணங்கள் முடிந்திருக்கின்றன. நான்காவது இப்படி நிற்கிறது:

மழை விட்டுவிட்டது, குடையை மடக்க மனம் வரவில்லை.
மழை விட்டுவிட்டது, குடையை மடக்க மனம் வரவில்லை.

மூன்றாம் அடி இல்லை.

சிவசம்பு தட்டைப் பதினொரு முறை போட்டுக் கேட்டார். ஒரு சொல்கூடப் புரியாமல் இல்லை. எழுதினார்:

வானம் இன்னும் இருண்டுதான்—

குடைக்குள்ளே உன் நினைவு—

நனைந்தவள் எவளோ, அவளுக்கே—

மூன்றாவதை எழுதியபோது கை கூசியது. அது அவளைப்போலப் பேசப் பார்த்தது.*

* பாடுகிறவள் அந்த அடியில் என்னதான் சொல்கிறாள் என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியும். நான் சொன்னால் நீங்கள் 'ஓகோ' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவீர்கள். அவள் சொன்னால் சின்னையா அழுதிருப்பார்.

7

இனி முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

முடிவு அ. சிவசம்பு மூன்றாம் அடியைத் தானே எழுதி வாசிக்கிறார். கைதட்டல். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. [எனக்கு மிகவும் பயமாக இருக்கும் முடிவு இதுதான்.]

முடிவு ஆ. உடம்பு சரியில்லை என்று சீட்டு அனுப்புகிறார். புத்தகம் நாற்பத்திரண்டு உரைகளோடு வருகிறது. [நடக்கக்கூடியது. எனவே அடித்துவிட்டேன்.]

முடிவு இ. சனிக்கிழமை. கூடம் நிறைந்திருக்கிறது. தட்டு ஒருமுறை பாடி நிற்கிறது. சிவசம்பு எழுந்து வாசிக்கிறார். மூன்று சரணம். பிறகு மழையும் குடையும், ஒருமுறை, இன்னொருமுறை. நிறுத்துகிறார்.

"மிச்சம்?" என்கிறார் ரெங்கசாமி.

"இல்லை."

"இல்லைன்னா? எழுதலையா?"

"எழுதினவ இல்லை, அண்ணே."

சின்னையா அக்கம்பக்கம் பார்க்கிறார்.

"எதை எழுதினவ? இந்தப் பாட்டையா?" என்கிறார் ரெங்கசாமி.

"எல்லாப் பாட்டையும்."

இதற்கு மேல் ரெங்கசாமியைப் பேசவைக்க வேண்டும். ஒரு வரைவில் அவர் மேசையைத் தட்டி, "நாலு வருசமா கைதட்ட வச்சியே, எங்களுக்கு வெக்கமா இருக்காதா?" என்று கத்துகிறார். நியாயம்தான். இன்னொன்றில் அவர் குரல் இறங்குகிறது. அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை, கற்பனையில்தான் கேட்கிறது.

"அவங்க பேரு என்ன தம்பி?"

நாற்பத்திரண்டு டின் முறுக்குத் தின்றவர்கள். பெட்டியை நெஞ்சோடு அணைத்துச் சுமந்தவர். அவர்களுக்குத் தெரியாது. திருமதி சிவசம்பு என்றுதான் அச்சிட்டிருக்கிறார்கள். குற்றம் அவர்கள்மேல் இல்லை. ஒருநாளும் நான் சொன்னதில்லை.

['நான்' உள்ளே வந்துவிட்டது. இனி வெளியே அனுப்பப் போவதில்லை.]

8

இன்று வெள்ளிக்கிழமை. கூட்டம் நாளைக்கு. நாளை மூன்றரை மணிக்கு எழுந்து நிற்கப்போவது சிவசம்பு இல்லை. அவர் மூன்றாவது முடிவில் பேசிவிட்டார். அவருக்கு எளிது, நான் எழுதிக் கொடுத்தேன். எனக்கு எழுதிக் கொடுக்க இப்போது வீட்டில் ஆள் இல்லை.

ஆகவே முடிவை உங்களிடம் விடுகிறேன். புத்தகம் என்றைக்காவது உங்கள் கைக்கு வந்தால் முதல் பக்கத்தைப் பாருங்கள். கடைசி உரையின் கடைசிச் சரணத்தில் இரண்டு அடி மட்டும் இருந்து, முதல் பக்கத்தில் என் பெயர் இல்லாமல் போயிருந்தால், அந்தக் கேள்வியை ரெங்கசாமி கேட்டார், நான் பதில் சொன்னேன். அங்கே ஒரு பெயர் இருந்து அது ஓர் ஆணின் பெயராக இருந்தால், நான் மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன். அப்படியென்றால் நீங்களாவது அவர்களிடம் சொல்லுங்கள்.

கனகேஸ்வரி. இந்தக் கதையில் நான் மாற்றாத பெயர் அது ஒன்றுதான்.